வேலிக்கு மேலால் மாறிய கோழிகள்

காலை ஆறு மணிக்கு மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வவுணதீவுக்கு ஆறேழு கிலோமீட்டர். ஆயிரம் ரூபாய் கேட்டார். பேரம் பேச மனம் வரவில்லை. வலையிறவுப் பாலத்தில் வாவிக் காற்று முகத்தில் அடித்தது. பரமேஸ்வரி அக்காவைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. யாரிடம் போகிறேன் என்று விசாரித்த ஓட்டுநர், அப்படியென்றால் மத்தியானம் ஊர்க்கோழிதான் என்று சிரித்தார்.

முன்பு கல்லடியில் அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே தென்னோலைக் கிடுகு வேலியின் இரு பக்கம். இரண்டு வீட்டுக் கோழிகளுக்கும் பெயர் உண்டு. பெயர் வைத்துக் கூப்பிட்டதை எப்படித் தின்பது? அதற்கு அக்காவின் அம்மாவும் என் அம்மாவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். விருந்தாளி வந்தால் எங்கள் கோழி வேலிக்கு மேலால் அங்கே போகும், அவர்களுடையது இங்கே வரும். போன கோழியின் பெயரை அன்று யாரும் சொல்லக்கூடாது. கொடுத்துவிட்டு அம்மா குசினிக்குள் கண்ணைத் துடைப்பார். பிறகு, அங்கிருந்து வந்த கோழியைச் சமைப்பார். அந்தக் குழம்பின் மணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆறரைக்கு வாசல் படலையைத் திறந்தேன். சிவப்புச் சேவல் ஒன்று ஓடிவந்து என் செருப்பின் மேல் ஏறி நின்றது.

"துரை, அவரை விடு" என்று அதட்டியபடி அக்கா வந்தார். கணவர் இறந்த பிறகு இவன்தான் துணையாம். உறக்கமும் கணவர் உட்கார்ந்த கதிரைக்கு அடியில்தானாம். பேசிக்கொண்டே அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அங்கே கத்தி தீட்டி வைத்திருந்தது. துரைக்குத்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டாருக்குப் போய்விட்டார்களாம், வீடு பூட்டிக் கிடக்கிறது. கோழி மாற்ற ஆளில்லை.

"நீ அறு தம்பி. நான் உள்ளுக்குப் போறன். என்னால பாக்க ஏலாது."

வீடு தேடி வந்தவனுக்குக் கோழி அறுக்காமல் விட்டால் அக்காவுக்குப் பெரிய அவமானம். கோழி சாப்பிடுவதையே விட்டுவிட்டேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒன்பது மணிக்கு வாவிக்கரையில் நண்டு வாங்கினோம். கால் கட்டியிருந்தது, உயிர் இருந்தது. சட்டியை மூடியதும் உள்ளே கொஞ்ச நேரம் சுரண்டும் சத்தம் கேட்டது. நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நண்டுக்கும் உசிர்தான் தம்பி. பேர்தான் இல்ல" என்றார் அக்கா, தேங்காய் துருவியபடி.

கறியை விரல் நக்கித்தான் சாப்பிட்டேன். ஓட்டில் ஒட்டியிருந்த சதையைத் துரை கொத்தித் தீர்த்தான்.

நான்கு மணிக்குப் புறப்பட்டேன். அக்கா துரையைத் தூக்கிக்கொண்டு படலை வரை வந்தார்.

"மறுகா நீ வரக்குள்ள பக்கத்து வீட்டுல ஆள் இரிக்கும். அப்ப பாப்பம்."

ஓம் என்றேன். அவர்கள் திரும்பி வரக்கூடாது என்று மனம் வேண்டிக்கொண்டது.

கொழும்பில், என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தோல் உரித்த கோழி ஒன்று கிடக்கிறது. அதுவும் யாரோ வளர்த்ததுதான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கோழி வந்துகொண்டே இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் ஒன்றையும் கொடுத்ததில்லை.