வழியில் இறங்கிய தீவு

தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு நான் பாய்மரப் படகில் போனேன். பினாங்கிலிருந்து லங்காவிக்கு விமானத்தில் அரை மணி நேரம்தான். ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்குக் கீழ்வீட்டு டீச்சர் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னார். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை, கல்யாணப் பத்திரிகையைப் படித்துக் காட்டியதும் அந்த டீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். இரண்டு தடவை படிக்கச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டேன்.

படகு என் பழைய தவுக்கேயுடையது, முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். ஜுருவில் கார் விற்கிற சீனர். முப்பது வருடம் அவர் படகைப் பார்த்துக்கொண்டேன். பாய் தைப்பேன், கயிறு மாற்றுவேன், அடியில் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்டுவேன். சுரண்டிச் சுரண்டி வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. அவர் லங்காவிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு நானே போன் போட்டேன். கடல் வழியாகப் போய் இறங்கினால் சொந்தக்காரர்கள் பார்ப்பார்களே என்று ஓர் ஆசை. கிழவனுக்கு வந்த ஆசை.

தங்கச்சி புருஷன் செத்தபோது நான் போகவில்லை. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். அன்றைக்குப் படகுப் போட்டி. தவுக்கேயிடம் லீவு கேட்க வாய் வரவில்லை. வேறு யாரோ போட்டார்கள். ஆறு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே போன் செய்தாள்.

"அண்ணே, அப்பா இல்லாத புள்ள. மாமன் மால போட்டுத்தான் மணவறைக்கு அனுப்பணும். இந்தத் தடவயாவது வந்துரு."

"மொத ஆளா நிப்பேன்லா" என்றேன்.

சனிக்கிழமை இருட்டிலேயே கிளம்பினோம். படகில் நாங்கள் இரண்டு பேர்தான். மாலையை ஐஸ் பெட்டியில் பீர் டின்களுக்கு மேலே வைத்திருந்தேன். பொண்ணுக்கு எடுத்த சேலை ஒரு பையில். மதியம் மேற்கேயிருந்து காற்று எடுத்தது. அப்படியொரு காற்று வருடத்தில் பத்து நாள் கிடைத்தால் பெரிது. அதே காற்றில் விட்டிருந்தால் ஐந்து மணிக்கு லங்காவியில் குவா துறையில் கயிறு கட்டியிருப்போம்.

அப்போதுதான் பாயார் தீவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு தெரிந்தது. தவுக்கே எழுந்து நின்று பார்த்தார். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்தான், என்னைக் கூப்பிடுவது மட்டும் 'அண்ணே' என்று.

"அண்ணே, இத்தன வருசமா தாண்டிப் போறோம், ஒரு நாளாவது எறங்குனோமா? இன்னிக்கு இங்கேயே தூங்கிட்டு விடிஞ்சதும் போவோம்."

நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"உன் மருமக கல்யாணம் நாளைக்குத்தானே? டின்னர் ஏழு மணி, எட்டு மணி ஆயிரும். டைம் இருக்குலா."

அவர்கள் கல்யாணம் அப்படி. ராத்திரி மேசை போட்டு விருந்து. அவர் அதைத்தான் நினைத்துப் பேசுகிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. காலையில் தாலி கட்டுவார்கள், தவுக்கே, நான் ஒன்பது மணிக்கு அங்கே நிற்க வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. ஆனால் முப்பது வருடத்தில் அவர் கேட்ட எதற்கும் நான் சொன்னது ஒரே சொல்தான். அன்றைக்கும் அதுவே வந்தது.

"போலே, தவுக்கே." முடியும் என்று அர்த்தம்.

தீவின் மறைவில் நங்கூரம் போட்டோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, கீழே மீன் போவது தெரிந்தது. தவுக்கே குதித்து நீந்தினார். என்னையும் இறங்கச் சொன்னார், இறங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேலே ஆத்திரம் வருகிறது. சிரித்துக்கொண்டு குளித்திருக்கிறேன். போன் எடுத்துப் பார்த்தால் லைன் இல்லை.

மறுநாள், எங்கள் பக்கத்தில் எப்போதும் போல, விடியவே ஏழு மணி ஆகிவிட்டது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. சின்ன எஞ்சின் தள்ளிக்கொண்டே போனது. ஐஸில் கிடந்த மாலை ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. ஒன்பதரைக்கு லைன் வந்தது. தங்கச்சி கூப்பிட்டதெல்லாம் வரிசையாக விழுந்தது. நான் திருப்பிக் கூப்பிடவில்லை.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. பந்தி நடந்துகொண்டிருந்தது. தவுக்கேயும் கூட வந்தார்.

"பாத்தியா, சாப்பாடு இன்னும் இருக்கு" என்றார். கல்யாணம் முடிந்துவிட்டது என்று அவருக்கு அப்போதும் தெரியாது.

பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து காலில் விழுந்தார்கள். சேலைப் பையைக் கொடுத்தேன்.

"அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தாங்க மாமா. ஐயர் நேரம் போவுதுன்னு சத்தம் போட்டாரு. அப்புறம் பக்கத்து வீட்டு அங்கிள்தான் மால போட்டாரு."

தங்கச்சி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"வாங்க. கை கழுவிட்டு உக்காருங்க, எல போடச் சொல்றேன்."

பிறந்ததிலிருந்து அவள் என்னை வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறாள். 'அண்ணே' என்று கூப்பிடவும் இல்லை. தவுக்கேயை எப்படி உட்காரச் சொன்னாளோ அப்படியே என்னையும் சொன்னாள். எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார்கள்.

காற்று இல்லை, அதனால் தாமதம் என்று சொல்லலாம் என வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். சொல்லவில்லை. காற்று இருந்த நேரத்தில் நான் கடலில் குளித்துக்கொண்டிருந்தேன்.