தொட்டிப் பசங்க

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் சாக்கடை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டல்தான். அவருக்கோ அதில் ஒரு பெருமை. அத்தனை வீட்டுக் கழிவையும் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றை அவர் ‘பசங்க’ என்பார். பிள்ளை இல்லாத மனிதர், வேறென்ன சொல்வார்! காலையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஜன்னலில் வைப்பார். பழுப்பு வண்டல் கீழே படிந்து மேலே நீர் தெளிந்தால் பசங்க நலம். அப்புறம்தான் அவருக்கு டீ இறங்கும்.

பசங்களுக்குக் காற்று வேண்டும். அதை அடிக்கும் மோட்டார் ஒருநாள் படுத்துவிட்டது. மேனேஜரிடம் சொன்னார். “பாக்கலாம்பா” என்றார் அவர். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உலகத்துக்கே தெரியும். காற்று இருந்தால் ஒரு கூட்டம், இல்லாவிட்டால் வேறொரு கூட்டம். தொட்டி யாருக்கு இடம் கொடுக்கிறதோ அவர்கள் ராஜ்யம். காற்றே வேண்டாத கிருமிகள் பெருகி, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. தொட்டியை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். அவளுக்கு ஏற்கெனவே இழுப்பு.

“ஏங்க, மூச்சே விட முடியல. ஏதாவது பண்ணுங்களேன்” என்று அழுதாள்.

பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தார். அது நல்லது கெட்டது பார்க்காது என்பது அவருக்குத் தெரியும். மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சமாவது பிழைக்கும், மோட்டார் ஓடினால் மறுபடி தழைத்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கொட்டினார். நாற்றம் அடங்கியது. அவள் தூங்கினாள்.

விஷயம் தெரிந்ததும் மேனேஜருக்கு வாயெல்லாம் பல். “இவ்வளவுதானா? இதுக்கா மோட்டாரு மோட்டாருன்னு என் உயிரை எடுத்தே?”

“சார், இது ஒரு தடவைக்குத்தான். திரும்பக் கொட்டினா மிச்சமும் செத்துடும். அழுக்கு அப்படியே வெளிய போயிடும் சார்.”

“சாக்கடையில சாகறதுக்கு என்னய்யா இருக்கு? வாரா வாரம் கொட்டு.”

கொட்டினார். அந்த அறை வேலையோடு வந்தது. வேலை போனால் இழுப்புக்காரியை எங்கே கூட்டிப்போவது? கலங்கிய தண்ணீர் சுவருக்குப் பின்னாலிருந்த குளத்தில் போய் விழுந்தது. மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. நாற்றமும் அங்கே குடியேறி, காற்று திரும்பும்போதெல்லாம் ஜன்னல் வழியாக வந்தது. குளத்துக்கு எத்தனை மூட்டை கொட்டுவது? அவளுக்கு இழுப்பு முன்பைவிட மோசமானது. யாருக்காகச் செய்தாரோ அவளுக்கும் இல்லாமல், பசங்களுக்கும் இல்லாமல் போயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

மேனேஜர் அவரை நன்றாகவே மெச்சினார். தன் பொறுப்பிலிருந்த இன்னொரு கட்டடத்துக்கும் அனுப்பினார். “அங்கயும் மோட்டாரை நிறுத்திட்டு இதையே கொட்டு. கரண்டாவது மிச்சமாகும்.”

அங்கே தொட்டி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. நல்ல பழுப்பு நிறம், மழை பெய்த மண்ணின் வாசனை. பார்த்ததும் அவருக்கு அழுகை முட்டியது. அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்ட பெண் ஒன்றும் புரியாமல் கேட்டாள்: “நல்லாத்தானே இருக்கு, எதுக்குண்ணே?”

“மேனேஜர் சொல்லிட்டாரும்மா” என்றார். அவள் சுவிட்சில் கைவைக்கத் தயங்கினாள். அவரே போய் மோட்டாரை நிறுத்தினார்.