தம்பியின் பூனைக்கண்ணும் சித்தப்பாவின் சங்குப்பூவும்

கிழக்கேகோட்டைத் தெருக்களிலேயே பூவுக்கு முகம் மூடிக் கோஷா போட்ட ஆள் எங்கள் சித்தப்பா ஒருவர்தான். கல்லூரியில் தாவரவியல் பிரிவில் வேலை. மருந்துச் செடிகளிலும் அலங்காரச் செடிகளிலும் எந்தக் குணம் தாயிடமிருந்து வருகிறது, எது தகப்பனிடமிருந்து என்று ஆராய்வதே அவர் பிழைப்பு. கல்லூரித் தோட்டம் போதாமல் எங்கள் கொல்லையையும் பிடித்துக்கொண்டார். நீலச் சங்குப்பூ மொட்டுகளுக்கு மல்துணிப் பை கட்டி, ஒரு வண்டையும் அண்ட விடாமல் விதை எடுத்தார்.

அந்த விதைகளை அவர் ஊன்றிய சமயம் தம்பிக்குக் குப்புற விழும் வயசு. வீட்டில் எல்லோருக்கும் கருவிழி. அவனுக்கு மட்டும் சாம்பல் நிறத்தில் பூனைக்கண். எங்களோடிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "இது யார் ஜாடையாக்கும்?" என்பாள். ஒரு தடவை கேட்டால் போகட்டும். வருகிறவர், போகிறவர் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். அப்பா அவளை அடக்கவுமில்லை, தம்பியைத் தூக்கவுமில்லை. அம்மாவைத் தென்காசியில் பிறந்தகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகக்கூடப் பேச்சு நடந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது சித்தப்பா கொடிகளைப் பற்றிப் பேச்செடுத்தார். "இதுகளுக்கு அம்மாவும் நீலம், அப்பாவும் நீலம். ஆனா பாட்டி வெள்ளையாக்கும். அதனால சிலது வெள்ளையாப் பூக்கணும்."

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. "நிஜமாவா?" என்றாள்.

"பூத்தாத்தானே தெரியும் மன்னி."

அன்றிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்ததும் கொல்லைக்கு ஓடுவாள். அடுப்பில் பால் பொங்கி வழியும். முதல் கொடி நீலம். அடுத்ததும் நீலம். ஒவ்வொரு நீலத்துக்கும் அவள் முகம் சுண்டிப்போகும். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை அழகான பூவைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வானேன்?

ஒரு காலை அம்மா அப்பாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொல்லைக்கு அழைத்துவந்தாள். வேலியோரக் கொடி ஒன்று பளிச்சென்று வெள்ளையாகப் பூத்திருந்தது.

"எங்கேருந்தாவது வண்டு வந்து உக்காந்திருக்கும்," என்றாள் பின்னாலேயே வந்த அத்தை.

"பை கட்டியிருந்தேன் அக்கா," என்றார் சித்தப்பா. "ஒரு வண்டும் வரலை. பாட்டிகிட்ட இருந்தது, ஒரு தலைமுறை ஒளிஞ்சிருந்து பேத்திக்கு வந்திருக்கு. மனுஷாளுக்கும் அப்படித்தான். நம்மாத்துலயும் மன்னியாத்துலயும் முன்னே யாருக்கோ பூனைக்கண் இருந்திருக்கும்."

அப்பா பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், தொட்டிலிலிருந்து தம்பியைத் தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. தம்பியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் சொன்னப்போ நம்பலை. செடி சொன்னதும் நம்பியாச்சு, இல்லியா?"

அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஆசைப்பட்டதுதான் நடந்துவிட்டதே, இன்னும் என்ன பிடிவாதம் என்று எனக்கு அம்மாமேல்தான் கோபம் வந்தது. அப்பா பாவம் என்று தோன்றி, அந்த நாட்களில் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.