தண்ணியில்லாக் காட்டுக்கு ஒரு சிபாரிசு

தமிழ்நாட்டில் எந்த அரசு அலுவலகத்திலும் மேலதிகாரிக்குக் கோபம் தலைக்கேறினால் வாயில் வருவது எங்கள் ஊர்தான். "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிருவேன்" என்பார். அந்தக் காடு எங்கே என்று யாரும் தேட வேண்டாம், இராமநாதபுரம்தான். நான் இங்கேதான் பிறந்தேன், இங்கேதான் தண்ணீர் கேன் விற்கிறேன். ஒரு தப்பும் செய்யாமலே ஆயுள் தண்டனை அனுபவிக்கிறவன் நான்.

சாயல்குடிப் பக்கம் உப்பு விளைகிறது. தொண்டியில் மீன் பிடிக்கிறார்கள். இராமேஸ்வரத்தில் ஊரார் பாவத்தையெல்லாம் கரைக்கிறார்கள். மிச்சம் மீதி ஆம்பளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அப்படியானால் மாவட்டத் தலைநகரில் என்ன தொழில் என்று கேட்பீர்கள். தூக்கி அடிக்கப்பட்டு வந்து விழுகிற அதிகாரிகளுக்கு வீடு விடுவது, சோறு போடுவது, கேன் போடுவது. அரசாங்கம் இந்த மாவட்டத்துக்குத் தடையில்லாமல் அனுப்பிவரும் ஒரே சரக்கு அதுதான்.

இந்தத் தொழிலில் எங்கள் தெருவில் கொடி கட்டிப் பறந்தவர் எதிர் வீட்டு நூர் நிஷா லாத்தா. அக்காவுக்கு லாத்தா, அண்ணனுக்குக் காக்கா என்பது இங்கே வழக்கு. அவர் கணவர் பாக்கர் காக்கா தம்மாமில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் இளமையைக் கழித்து, அந்தக் காசில் மாடி வைத்த வீடு கட்டினார். கட்டிய வீட்டில் அவர் படுத்தது லீவு நாட்களில் மட்டும். எங்கள் ஊரில் சவூதியிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்பே "எத்தன நாளு லீவு?" என்றுதான் கேட்பார்கள். பெட்டியைத் திண்டாடித் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறவரிடம், எப்போது திரும்பிப் போவாய் என்று விசாரிக்கும் பண்பாடு எங்களுடையது. காக்காவை அப்படிக் கேட்டவர்களில் நானும் உண்டு.

மாடியை லாத்தா அதிகாரிகளுக்கு வாடகைக்கு விட்டார். வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் ஒரே வசனம்தான் பேசுவார்கள்: "ரெண்டே மாசம்தாம்மா, மேல ஆள் வச்சுப் பேசியாச்சு." லாத்தா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பவர் சீக்கிரம் போய்விடுவார், தொட்டியில் கறிவேப்பிலை வைத்தவர் ஓய்வு பெறும்வரை இங்கேதான் என்பது அவர் கணக்கு. "லஞ்சம் வாங்கி மாட்டிட்டு வந்தவுக வாடகைய டாண்ணு தந்துருவாக முனீசு. வாங்க மாட்டேன்னு சண்ட போட்டுட்டு வந்தவுகதான் இழுத்தடிப்பாக" என்று என்னிடம் சொல்வார். ஆனாலும் இரண்டாம் வகையாரிடம் அவர் ஒருநாளும் கறாராக இருந்ததில்லை.

இப்படி ஊரார் தண்டனையில் காலம் ஓட்டியவருக்கு மூன்று வருடத்துக்கு முன் சொந்தக் கஷ்டம் வந்தது. காக்கா லீவே இல்லாமல் ஒரேயடியாக ஊர் திரும்பினார். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் அரைகுறை, நினைவும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. ஆளோ ஆறடி. லாத்தாவோ அவர் நெஞ்சுயரம்கூட இல்லை. கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார்த்த அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. நான் கேன் போடப் போகும்போது ஒரு கை கொடுப்பேன். மற்ற நேரத்துக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரே மகள் மர்ஜானா. பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குப் போனவள். வேலை எங்கே? வடகோடியில், ஒரு இரவும் அரைப் பகலும் பயணம் செய்து போகிற ஊரில். காக்கா தினமும் வாசலைப் பார்த்து "புள்ள... புள்ள..." என்பார். மகளை இராமநாதபுரத்துக்கு மாற்றிவிட வேண்டும், அதுவும் காக்காவுக்கு நினைவு இருக்கும்போதே. தொழுது கையேந்தினால் லாத்தாவுக்கு அதைத் தவிர வேறு துஆ கிடையாது.

மர்ஜானா மனுப் போட்டாள். 'காலிப் பணியிடம் இல்லை' என்று பதில் வந்தது. அதே துறையின் அலுவலகம் எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. நான் அங்கும் கேன் போடுகிறவன். அங்கே பாதி நாற்காலியில் ஆள் இல்லை, துண்டு மட்டும் கிடக்கும். திரும்பவும் மனு, திரும்பவும் அதே பதில்.

அப்போது மாடியில் குடியிருந்தவர் குற்றாலிங்கம் என்ற தென்காசிக்காரர். கறிவேப்பிலைத் தொட்டி வைத்தவர். அவர்தான் விளக்கினார்.

"அம்மா, ஒங்க மக தப்பான வழியில போகுது. இராமநாதபுரம் வேணும்னு மனுப் போட்டா மேல இருக்கவன் பயந்துருவான். எவனும் கேக்காத ஊர இவ ஏன் கேக்கா, உள்ள என்னமோ இருக்குன்னு நெனப்பான். இந்த ஊரு கேட்டுக் கெடைக்காது. தப்பு பண்ணுனாத்தான் கெடைக்கும்."

அன்றைக்கே லாத்தா போனைப் போட்டார். நல்ல பிள்ளையாக வளர்த்த தாய், வாய் கூசாமல் சொன்னார்: "ஏம்மா, சின்னதா ஒரு தப்புப் பண்ணேன்."

அவளும் முயன்று பார்த்தாள். ஒருநாள் தாமதமாகப் போனாள். மேலதிகாரி அவளுக்கும் பிந்தி வந்தார். மேசையில் தலை வைத்துத் தூங்கினாள். எழுந்து பார்த்தால் அந்த அறையே தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோப்பை வேண்டுமென்றே மாதக்கணக்கில் கிடப்பில் போட்டாள். "இப்பத்தாம்மா நீ வேல கத்துக்கிட்ட" என்று மேலதிகாரி பாராட்டினார்.

"ஒரு தப்புப் பண்ணக்கூடத் துப்பில்லையே, என்னா படிப்புப் படிச்ச நீ!" என்று லாத்தா போனிலேயே கத்தினார். கத்திவிட்டு அழுதார். அந்த வாரம் காக்கா லாத்தாவையே யாரென்று கேட்டிருந்தார்.

கடைசியில் மர்ஜானா மாட்டியது தப்பு செய்து அல்ல. ஒரு விதவைப் பெண் உதவித்தொகைக்காக வந்து நின்றிருக்கிறாள். இவள் பாவம் பார்த்து, யாருக்கும் எதுவும் கொடுக்கச் சொல்லாமல் அன்றே வேலையை முடித்து அனுப்பிவிட்டாள். மறுநாள் வாசலில் பத்துப் பேர் நின்று "எங்களுக்கும் ஒரே நாளுல முடிச்சுத் தாங்க" என்றார்கள். அலுவலகமே ஆட்டம் கண்டது.

மேலதிகாரி எழுந்து நின்று மேசையைத் தட்டினார். "ஆபீஸக் கெடுக்க வந்தியா? தண்ணியில்லாக் காட்டுக்கு, இராமநாதபுரத்துக்கே தூக்கி அடிச்சிருவேன்!"

அவருக்கு அவள் ஊர் தெரியாது. அதற்கும் காரணம் நாங்கள்தான். வெளியூரில் எங்கள் ஆட்களிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர் வாயிலும் இராமநாதபுரம் வராது. "மதுரைப் பக்கம்" என்பார்கள். மர்ஜானாவும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மதுரைப் பக்கம்தான். அவள் மனுக்களில் ஊர்ப் பெயர் எழுதித்தான் இருந்தது. மனுவைப் படித்துவிட்டுத்தான் பதில் போடுகிறார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்ததாம் அவளுக்கு. வாப்பா முகத்தை நினைத்தாளாம், கண்ணீர் தானாக வந்துவிட்டதாம். "சார், அங்க மட்டும் வேணாம் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். மனுப் போட்டு வராதது அந்த வார முடிவுக்குள் வந்துவிட்டது, 'உடனடியாக' என்ற வார்த்தையோடு.

அவள் பெட்டியோடு பஸ் நிலையத்தில் இறங்கிய நாள் அழைத்துவர நான்தான் போயிருந்தேன். தெருவுக்குள் வருவதற்குள் விசாரணை தொடங்கிவிட்டது. "மாறுதலாம்ல? புள்ள அங்கன என்ன செஞ்சுச்சு?" என்று பெட்டிக்கடை இருளாண்டி என் காதைக் கடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏலே, சொந்த ஊருக்கு வாறதுக்கு என்னத்தலே செய்யணும்?" என்று வைது அனுப்பினேன். ஆனால் அவன் கேட்டதில் என்ன அதிசயம்? எங்கள் ஊருக்கு ஆசைப்பட்டு ஒரு ஆள் வருவான் என்று எங்களுக்கே நம்பிக்கை இல்லை.

லாத்தா காக்காவை வாசலுக்கு நேராக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். மகள் உள்ளே நுழைந்ததும் காக்கா அவளை வெகுநேரம் பார்த்தார். மகளையும் யாரென்று கேட்டுவிடுவாரோ என்று லாத்தா அவர் வாயையே பார்த்தார். பிறகு காக்காவின் பார்வை அவள் கையிலிருந்த பெட்டிக்கு இறங்கியது. ஆயுள் முழுக்க அந்த வாசலில் தன்னிடம் கேட்கப்பட்டதையே, குழறிக் குழறிக் கேட்டார்.

"புள்ள... எத்தன நாளு லீவு?"

மர்ஜானா பெட்டியைக் கீழே வைத்தாள். "லீவு இல்ல வாப்பா, தண்டன. இனி இங்கனயே கெடக்கணுமாம்."

அல்லாவுக்கு நன்றி சொல்லக் காக்கா நல்ல கையை மெல்லத் தூக்கினார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அது மட்டும் குழறவில்லை.