மூன்று கிலோ ஈரம்

இதயத்தில் ஒரு வால்வை மாற்றி, இன்னொன்றைத் தைத்துச் சரிசெய்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே ஓடி வர வேண்டும். முதலாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது ஆஸ்பத்திரி வாசலிலேயே மறந்துபோனது.

குலசேகரத்தில், ரப்பர் பாலை உறையவைத்துக் காயப்போட்ட ஷீட்டை எடைக்கு வாங்கி விற்கிறவன் நான். கடைத் தராசில் தினமும் நானே ஏறி நின்றேன். அறுபது காட்டிய தராசு நாலாம் நாள் அறுபத்து மூன்று காட்டியதும் தலைகால் புரியவில்லை. உடம்பு தேறுகிறதென்று மனைவி உப்புக்குப் பயந்து விலக்கிவைத்த ஊறுகாயைக் கஞ்சிக்குத் திரும்ப எடுத்தாள். செருப்பு இறுக்கியது, காலும் சதை போட்டிருக்கிறது என்று சிரித்தேன். படுத்தால் மூச்சு முட்டியதற்குத் தலையணையைக் குறை சொன்னேன். ஊரார் எடையையெல்லாம் சந்தேகப்பட்டே பிழைத்தவனுக்கு என் எடைமேல் சந்தேகமே வரவில்லை.

எங்கள் கடைக்கு ஷீட் விற்க வரும் ஒரு அக்கா உண்டு. சரியாகக் காயாத ஷீட்டைக் கொண்டுவருவதில் கெட்டிக்காரி. நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஈரத்துக்கு எடை கழிப்பேன், அவள் முணுமுணுப்பாள். அன்று அவளிடமும் என் மூன்று கிலோவைப் பீற்றினேன். அவள் குனிந்து என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

"மொதலாளி, இது தடி வச்சதொண்ணும் இல்ல. ஈரமாக்கும்."

கடையே சிரித்தது, நானும்தான். சிரித்து முடித்த பிறகும் குழி மூடவில்லை. டாக்டர் சொன்ன இரண்டாவது விஷயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு கிலோவுக்கே ஓடி வரச் சொன்னார் என்று கத்தினேன். ஷீட் வந்த ஆட்டோவிலேயே என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இதயம் சரியாகத் தள்ளாமல் காலிலும் நுரையீரலிலும் நீர் கட்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஊசி போட்டதும் மூத்திரமாகக் கொட்டியது. பாட்டில் நிறையும்போதெல்லாம் லாட்டரி விழுந்ததுபோல மனைவியிடம் அளவைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் மூச்சு நெஞ்சின் அடிவரை இறங்கியது. சிரித்தால் தையல் வலித்தது, அப்படியும் சிரித்தேன். உயிரோடு இருப்பது அவ்வளவு குஷியாக இருந்தது.

திரும்பக் கடைக்கு வந்த அன்று அக்கா முதலில் என் காலை அழுத்திப் பார்த்தாள்.

"காஞ்சாச்சு, கேட்டியளா."

பிறகு தன் ஷீட்டைத் தராசில் வைத்தாள். ஈரம் சொட்டாத குறைதான். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டைவிரலை மடக்கிக்கொண்டு தராசு காட்டிய எடையை அப்படியே சொன்னேன்.