கொடிக்குக் கவாத்து

சாந்தோம்ல எங்க வூட்டுக் கெணத்தடியில ஒரு திராட்சக் கொடி இருந்துச்சு. சித்தப்பா சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி நட்டுட்டுப் போன குச்சி அது. நான் வரும்போது பழம் வச்சிருக்கணும்னு சித்திகிட்ட சொல்லிட்டு ரயிலேறிட்டாரு. கல்யாணமாயி ஆறு மாசந்தான். சித்தி அதுக்கு எரு வச்சு, கயித்துல ஏத்தி வுட்டு, காலைப் பூசைக்குப் போயி வந்ததும் மொத வேலையா தண்ணி ஊத்தும். கொடி காஞ்சா அவரு வரமாட்டாருன்னு சித்திக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். எனக்கு ஏழு வயசு. எனக்குப் பழந்தான் முக்கியம்.

கொடி பந்தல் வரைக்கும் ஏறிடுச்சு, பூவத்தான் காணோம். அப்பா சித்தப்பாவுக்குக் காயிதம் போட்டுக் கேட்டாரு. பதில் வந்துச்சு, அப்பா சத்தமா படிச்சாரு: கொடிக்குக் கவாத்து பண்ணுங்க, இல்லாட்டி காய்க்காது.

கவாத்துன்னா எனக்குத் தெரியாதா இன்னா? கடக்கரை மணல்ல சோல்சருங்க துப்பாக்கி தூக்கிக்கினு லெஃப்ட் ரைட் போடுவாங்களே, அதான். சித்தப்பாவே மொதக் காயிதத்துல, விடியறதுக்குள்ள கவாத்துக்கு எழுப்பிடறாங்கன்னு அழுதிருந்தாரு.

மறுநாளே தொடப்பக்கட்டையத் தோள்ல சாச்சுக்கினு கொடி முன்னாடி நின்னேன். லெஃப்ட், ரைட். காத்தடிச்சா ஆடும், இல்லாட்டி கம்முனு நிக்கும். ரெண்டு தபா திட்டினேன்.

"இன்னாடி பண்ற?" சித்தி கேட்டுச்சு.

"சித்தப்பா சொன்ன கவாத்து."

முந்தானையால வாயப் பொத்திக்கினு, "அப்ப ஒழுங்கா பண்ணு, அந்த எடது பக்கத்துக் கெள தூங்குது பாரு"ன்னுச்சு. ஒரு வாரம் வேடிக்க பாத்துச்சே தவிர, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லல. கள்ளி.

ஞாயித்துக்கெழம அப்பா கத்தியோட வந்து, கொடிய என் முட்டி ஒயரத்துக்கு வெட்டிப் போட்டாரு. நான் சரியா கவாத்து பண்ணாததுக்குத் தண்டனைன்னு நெனச்சேன். வெட்டின எடத்துலேருந்து தண்ணி சொட்டுச்சு. அழுவுது போலன்னு என் ரிப்பன அவுத்துக் கட்டினேன்.

அப்பதான் சித்தி வாயத் தொறந்துச்சு. "இதாண்டி கவாத்து. தண்ணி ஊத்திக்கினே இரு, புதுசா வரும்."

ஊத்தினேன். பதினஞ்சாம் நாளு பச்சையா தளிர் வுட்டுச்சு.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலேருந்து சித்தப்பா காயிதம். எனக்கும் இங்க கவாத்து பண்ணிட்டாங்க, முட்டிக்குக் கீழன்னு படிச்ச அப்பா, மேல படிக்கல. சித்தி போயி கொடிகிட்ட உக்காந்துக்கிச்சு. கவாத்து நல்லதுன்னு இவங்கதானே சொன்னாங்க, இப்ப இன்னாத்துக்கு அழுவறாங்கன்னு எனக்கு ஒரே கொழப்பம்.

ஆறு மாசம் கழிச்சு அவரு கட்டைய ஊனிக்கினு வந்தாரு. பந்தல்ல ஒரே ஒரு கொத்து, அதுவும் புளிப்பு. சித்தி பறிச்சுக் குடுத்துச்சு. நான் ஒரு சொம்புத் தண்ணிய எடுத்துக்கினு போயி அவரு முட்டியில ஊத்தினேன்.

சித்தப்பா அத வாகா நீட்டிக்கினு, "வேருல படறாப்புல ஊத்து கண்ணு"ன்னாரு.

சிரிச்சது அவரும் நானுந்தான். மத்தவங்க மூஞ்சியெல்லாம் ஏன் அப்பிடிப் போச்சுன்னு எனக்கு வெளங்கல. இன்னும் எத்தினி நாளு ஊத்தணும்னு சித்திய வேற கேட்டேன்.