டெய்லர் அண்ணாச்சி எழுதி வைத்த கேள்வி

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜாக்கெட் தைக்கும் அண்ணாச்சியின் காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். பைபிளைப் பற்றி யார் என்ன கேட்டாலும் மிஷினை நிறுத்தாமலே பதில் சொல்வார்.

"ஏவாள் தின்னது ஆப்பிளா அண்ணாச்சி?"

"பழம்னுதான் போட்டிருக்கு. ஆப்பிள்னு நம்மளா சொல்லுதது. கை எவ்வளவு நீளம் வைக்க?"

ஒருநாள் நான் கேட்டேன். "எங்கம்மா கடைசி வரைக்கும் கோமதி அம்மனத்தான் கும்பிட்டா. உங்க பரலோகத்துல அவளுக்கு இடம் உண்டா?"

மிஷின் நின்றது.

"தெரியலம்மா. ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றவர், துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதி வைத்தார்.

அதற்குப் பிறகு நாலு ஜாக்கெட் தைத்து வாங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும், "தினமும் கேக்கேன்" என்கிறார். துணி உரசி எழுத்து அழிந்தால், மறுபடி எழுதிவிடுகிறார்.